அழகியின் பல்லுக்குப் பொன்னுத்தாயியின் காது

பொட்டவயல் சேவுகன் வீட்டில் பதினோரு நாளாகச் சோறு இரண்டு பேருக்குத்தான். ஒன்று சேவுகனுக்கு, இன்னொன்று ஆறு வயது மகள் பொன்னுத்தாயிக்கு. பெண்டாட்டி அழகிக்குக் கஞ்சி. கஞ்சி என்றாலும் முழுக் கஞ்சி இல்லை. மேலே தெளிந்த நீரை மட்டும் கிண்ணத்தில் இறுத்து, இடது வாய் ஓரமாகச் சாய்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே விடுவாள். வலது கன்னம் வீங்கி, தோல் பளபளவென்று கண்வரைக்கும் இழுத்துக்கொண்டு நின்றது.

கிராம்பு வைத்துப் பார்த்தாள். பெருங்காயம் வைத்தாள். பக்கத்து வீட்டு ராக்காயி சொன்னாள் என்று புகையிலைக் காம்பை அடக்கிப் பார்த்தாள். உப்புத் தண்ணீரைக் கொப்பளித்தே வாய் வெந்துபோயிற்று. நடுவில் களை எடுக்கவும் போனாள், மாட்டுக்குத் தண்ணீரும் காட்டினாள். பல்வலிதானே! பல்வலிக்கு யாராவது பாயில் படுப்பார்களா என்ன? சேவுகனும் அப்படித்தான் நினைத்தான். அவன் கெட்டவன் இல்லை. கையை நீட்டி ஒருநாளும் அவளை அடித்ததில்லை. ஆனால் பெண்பிள்ளை வலி என்பது தானாக வந்து தானாகப் போகும் என்று எண்ணுகிற ஆயிரம் ஆண்பிள்ளைகளில் அவனும் ஒருவன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவனுக்குப் பழையது பிழிந்து வைத்துவிட்டு, அழகி சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"ஏங்க, நேத்திலேருந்து வாய் தொறக்க மாட்டேங்குது. வெரலு கூட உள்ள போகல," என்றாள். பல்லுக்கு நடுவே நசுங்கித்தான் வார்த்தை வந்தது.

சேவுகன் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். தாடைக்குக் கீழே கழுத்திலும் வீக்கம் இறங்கியிருந்தது. கையில் எடுத்த சோற்றை அப்படியே வட்டிலில் போட்டான்.

காரைக்குடியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து மாடியில் பல் டாக்டர் மாயக்கண்ணன் இருந்தார். நாற்காலியில் அழகியைச் சாய்த்து உட்காரவைத்து, விளக்கைத் திருப்பி, அரை அங்குலம்கூடத் திறக்காத வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு அழகியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சேவுகனைத் தனியே கூப்பிட்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலஞ்சு நாளா இருக்குங்க." அங்கேயே ஒரு பொய்.

"கடைவாய்ப் பல்லு மூணும் வேரோட அழுகிப்போச்சு. சீழ் தாடை எலும்புக்குள்ள இறங்கியிருக்கு. இங்க என்னால எடுக்க முடியாது. இப்ப ஊசி போட்டு விடுறேன், ரெண்டு நாளைக்கு வலி அடங்கும். அடங்கிருச்சுன்னு சும்மா இருந்துறாதீங்க. மதுரைக்குக் கொண்டுபோய் அறுத்து எடுக்கணும். கழுத்துல இறங்கிச்சுன்னா மூச்சை அடைச்சிரும்."

"மதுரையில எங்குட்டுங்க?"

"பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. காசில்லாமப் பார்ப்பாங்க."

சேவுகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தர்மாஸ்பத்திரிங்களா? எங்க வீட்டுப் பொம்பள அங்கிட்டுப் போயி வரிசையில நிக்கிறதுங்களா? நாலு பேரு பார்த்தா என்ன சொல்லுவாக?"

டாக்டர் விளக்கை அணைத்தார். "அப்படின்னா தனியார்ல பாருங்க. முந்நூறு ரூபா ஆகும். எங்க பார்த்தாலும் சரி, இந்த வாரத்துக்குள்ள பாருங்க."

அது அறுபத்தொன்பதாம் வருஷம். இரண்டு வருஷமாகக் கண்மாயில் தண்ணீர் நிற்கவில்லை. முந்நூறு ரூபாய் சேவுகன் வீட்டில் மொத்தமாக இருந்த காலமே கிடையாது. பஸ் இறங்கி, அழகியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நேரே டீக்கடைக்குப் போனான். அங்கே ஊர்த் தலைமை பார்க்கிற அம்பலம் கோட்டைச்சாமி உட்கார்ந்திருந்தார். வயல், தோப்பு, ரைஸ்மில் என்று வசதியான மனிதர். கேட்டால் கொடுக்கக்கூடியவர்.

"என்னப்பா சேவுகா, மூஞ்சி வாடிக் கெடக்கு?" என்று அவரே ஆரம்பித்தும் வைத்தார்.

கேட்க வேண்டியதுதானே? "எம் பொண்டாட்டிக்குப் பல்லுல சீக்கு, முந்நூறு ரூவா வேணும்" என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அதே பெஞ்சில்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெத்தன் வந்து, தன் பெண்டாட்டிக்குக் கண் மங்குகிறது, கண்ணாடி வாங்கப் பத்து ரூபாய் வேண்டும் என்று கேட்டான். "கண்ணாடி போட்டுக்கிட்டு கலெக்டரு உத்தியோகத்துக்கா போகப் போறா?" என்று ஒருவன் கேட்டான். கடையே உருண்டு சிரித்தது. கேட்டவன் வேறு யாருமில்லை, நம் சேவுகன்தான். இப்போது அந்தச் சிரிப்பு அவன் காதில் கேட்டது.

"ஒண்ணுமில்லைங்க அம்பலம்," என்றான். "நம்ம பொன்னுத்தாயிக்குக் காது குத்தலாமான்னு ரோசனையா இருக்கு."

"அடி சக்கை! செய்யப்பா! நல்ல காரியத்துக்கு என்ன ரோசனை? ஒரு கெடாய்க்கு நான் பொறுப்பு!" என்று அவர் அவன் முதுகில் தட்டினார். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் மொய் எழுத வருவதாகச் சொன்னார்கள். வாய் தவறி விழுந்த பொய் அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்த விசேஷமாகிவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது சேவுகனுக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. நல்ல யோசனையாகத் தோன்றியது. காது குத்தினால் மொய் விழும். மொய்யை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போகலாம். யாரிடமும் கையேந்த வேண்டாம், பெண்டாட்டி பல் என்று யாரிடமும் சொல்லவும் வேண்டாம். கௌரவமாக முடிந்துவிடும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். பொன்னுத்தாயிக்கு ஒரு வயதிலேயே திருக்கோஷ்டியூர் போகும் வழியில் ஓர் ஆசாரியிடம் காது குத்தியாகிவிட்டது. தோடு வாங்க வசதியில்லாமல் ஈர்க்குச்சி போட்டு வைத்து, குச்சியும் எங்கோ விழுந்து, ஓட்டை தூர்ந்துபோயிருந்தது. விருந்து வைக்கவில்லை, ஊரைக் கூட்டவில்லை. ஊருக்குத் தெரியாத காது குத்தல் கணக்கில் வராது என்று சேவுகன் தீர்மானித்துவிட்டான்.

அவன் சொன்னதைக் கேட்டதும் அழகி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி விடுங்க. ஓடியாந்துரும்."

"உங்கண்ணன்கிட்டயா? கட்டிக் குடுத்த தங்கச்சிக்கு ஒரு பல்லு வைத்தியம் பாக்க வக்கில்லாதவன்னு என்னைய நெனைக்கவா? சும்மா இருடி. ஊசியில வீக்கம் வத்திருச்சுல்ல? பத்து நாளு பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

பல்லைக் கடிக்கச் சொல்கிறான், யாரிடம் பாருங்கள்! அழகிக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அழுதால் தாடை இழுத்தது.

பத்து நாள் என்று அவன் சொன்னதற்கும் காரணம் இருந்தது. அதற்கு முன்னால் நல்ல முகூர்த்தம் இல்லையாம். டாக்டர் ஒரு வாரம் என்றார், பஞ்சாங்கம் பத்து நாள் என்றது. சேவுகன் பஞ்சாங்கத்தை நம்பினான். பந்தல் போட்டான், ரேடியோ செட்டுக்குச் சொன்னான், அரிசியும் மளிகையும் கடனுக்கு எடுத்தான். அழகியின் அண்ணன் கருத்தையா திருப்பத்தூருக்கு அந்தப்பக்கம் ஒரு ஊரில் இருந்தார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்த வேண்டும்? அவருக்கும் ஆள் போனது. தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்பதை மட்டும் போன ஆள் சொல்லவில்லை, ஏனென்றால் அவனுக்கே தெரியாது.

"எனக்குத்தான் குத்தியாச்சே அப்பா!" என்று பொன்னுத்தாயி காதைப் பொத்திக்கொண்டு சிணுங்கினாள்.

"இது வேற குத்துடி. அம்மாவுக்குப் பல்லு நல்லாகணும்ல? அதுக்குத்தேன். நீ வெளிய சொல்லிறாத." பிள்ளையைச் சமாதானப்படுத்த வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

காது குத்து நாளைக்கு இரண்டு நாள் முன்பே ஊசியின் வேகம் போய்விட்டது. அழகிக்குக் காய்ச்சல் கண்டது. விசேஷத்தன்று அவள் புதுச்சேலை முந்தானையை வலது கன்னத்தோடு சேர்த்து இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கிடாய்க் கறி கொதிக்கிற அடுப்புக்கு முன்னால் நின்றாள். உப்புப் பார்க்கச் சொல்லி யாரோ கரண்டியை நீட்டினார்கள். வாயைத் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்னடி அழகி, முக்காடும் மூடலுமா நிக்கிறே? அண்ணன் சீரு வருதுன்னு வெக்கமா?" என்று காய் நறுக்கிக்கொண்டிருந்த கண்ணம்மை கேலி பேசினாள். எல்லாரும் சிரித்தார்கள். ராக்காயி மட்டும் சிரிக்காமல் கரண்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கொட்டுச் சத்தத்தோடு சீர் வந்தது. ஒன்பது தாம்பாளம். பட்டுப் பாவாடை, பித்தளைக் குடம், பழம், சர்க்கரை, மூன்று பவுன் சங்கிலி, கயிற்றில் ஒரு கிடாய். பார்த்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். கருத்தையா வேர்த்து விறுவிறுக்க முன்னால் நடந்து வந்தார். சீர் இறக்கியதும் அண்ணன் தன் கையால் தங்கச்சி வாயில் சர்க்கரை போடுவது அவர்கள் வீட்டு முறை. ஒரு கை சர்க்கரையை எடுத்துக்கொண்டு அழகி முன்னால் வந்து நின்றார்.

"வாயத் தொற ஆத்தா."

அழகி திறக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கருத்தையாவின் கை அந்தரத்தில் நின்றது. சர்க்கரை விரல் இடுக்கில் உதிர்ந்தது.

"என்னத்தா? சீரு குறைச்சலா இருக்கா?" என்று மெல்லக் கேட்டார். அந்தக் குரலில் இருந்த அடி சபையில் எல்லாருக்கும் கேட்டது. ஊர் கூடிய இடத்தில் தங்கச்சி சீரை வாங்காமல் முகம் திருப்பினால் அண்ணன் என்ன ஆவான்?

"அதெல்லாம் இல்லை மச்சான், வெக்கப்படுறா," என்று சேவுகன் இடையில் புகுந்து, அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் மணையில் உட்காரவைத்தான்.

பொன்னுத்தாயியை மாமன் மடியில் உட்கார்த்தினார்கள். பக்கத்திலேயே ரேடியோ செட்டுக்காரன் மைக்கை நிறுத்தியிருந்தான். மொய் செய்கிறவர்கள் பேரை அதில்தான் சொல்ல வேண்டும். ஆசாரி கம்பியைத் தீபத்தில் காட்டினார். கம்பியைப் பார்த்ததுதான் தாமதம், பிள்ளை துள்ளி மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டது.

"வேணாம் மாமா! எனக்கு முன்னமே குத்தியாச்சு! அம்மாவுக்குத்தேன் பல்லு வலிக்கிது! அம்மா பல்லுக்கு எதுக்கு மாமா என் காதக் குத்துறீக?"

புளியமரத்துக் கிளையில் கட்டியிருந்த இரண்டு ஒலிபெருக்கிக் குழாயிலும் அது கேட்டது. பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குக் கேட்டது. கண்மாய்க்கரையில் மாடு மேய்த்தவனுக்கும் கேட்டது. பந்தியில் யாரோ ஒருவன் பக்கென்று சிரித்தான், கூட நாலைந்து பேர் சிரித்தார்கள். எதற்குப் பயந்து சேவுகன் இத்தனையும் செய்தானோ அந்தச் சிரிப்பு வந்தே விட்டது.

கருத்தையா சிரிக்கவில்லை. பிள்ளையை ஆசாரி கையில் கொடுத்துவிட்டு எழுந்து, அடுப்படிக்குப் போனார். ராக்காயி அழகியைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அண்ணன் முந்தானையை விலக்கினார். கன்னமும் தாடையும் கழுத்தும் ஒன்றாக வீங்கிக் கிடந்தன. வாயிலிருந்து வாடை அடித்தது.

"எத்தனை நாளா?"

"இருபத்தி ரெண்டு நாளாச்சு," என்றாள் ராக்காயி. "வெறுந் தண்ணிதான் இறங்குது. இப்ப மூச்சு விடக் கஷ்டப்படுறா. நானும் வாய மூடிக்கிட்டுத்தேன் இருந்தேன், எனக்கும் புத்தியில்லை."

கருத்தையா திரும்பிச் சேவுகனைப் பார்த்தார். அடிப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சேவுகன் பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

"மாப்பிள்ளை," என்றார். "இந்தச் சீருக்காக உழவு மாட்டுல ஒண்ண வித்துட்டு வந்திருக்கேன். தங்கச்சிக்குப் பல்லு வலின்னு ஒரு வார்த்தை சொல்லி விட்டிருந்தா ஜோடியையும் வித்துட்டு வந்திருப்பேனே மாப்பிள்ளை. எனக்குச் சங்கிலி போட வழி சொன்னீக. என் தங்கச்சியக் காப்பாத்த வழி சொல்லலையே!"

சேவுகன் தலை தொங்கிவிட்டது. சிரித்தவர்களும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

கோட்டைச்சாமி அம்பலம்தான் முதலில் அசைந்தார். "பேசிக்கிட்டு நிக்காதீக! செட்டு கொண்டாந்த வேனு நிக்கிதுல்ல? தூக்குங்க புள்ளைய!" என்று கத்தினார். பெட்டியையும் வயரையும் இறக்கி வீசிவிட்டு, அதில் அழகியைப் படுக்கவைத்தார்கள். ராக்காயி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அதுவரை விழுந்திருந்த மொய்யைத் துண்டில் கட்டிக்கொண்டு சேவுகனும் மச்சானோடு ஏறினான். தனியார் ஆஸ்பத்திரி எது, எங்கே என்று யோசிக்கவெல்லாம் நேரமில்லை. மதுரைக்குள் நுழைந்ததும் வேன் எந்த வாசலில் நின்றதோ அதுதான் ஆஸ்பத்திரி. அது பெரியாஸ்பத்திரி. சேவுகன் வரமாட்டேன் என்ற அதே தர்மாஸ்பத்திரி.

வாசலில் இறங்கியதும் மொய்ப்பணம் கட்டிய துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "யாருக்குங்க கட்டணும்? எவ்வளவுங்க கட்டணும்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு ஓடினான். யாரும் அவனிடம் காசு கேட்கவில்லை. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போன நர்சம்மா, "அதை மடியில வச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க. இத்தனை நாளா எங்க போனீங்க?" என்று மட்டும் கேட்டார். சேவுகன் துண்டை மடியில் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினான்.

தாடைக்குக் கீழே நாலு அங்குலம் கீறிச் சீழை எடுத்தார்கள். மூன்று பல்லும், அழுகிய எலும்பில் ஒரு துண்டும் வெளியே வந்தன. பொழுது சாயுமுன் வராமல் இருந்திருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்றார் பெரிய டாக்டர். பதினெட்டு நாள் இருந்தார்கள். வெளியே வாங்கிய மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து எழுபது ரூபாய் ஆகவில்லை. விருந்துக்கு ஆன கடனை அடைக்கவே மொய் போதவில்லை. பந்தல்காரனுக்குச் சேவுகன் அடுத்த அறுப்பில்தான் கொடுத்தான்.

ஆஸ்பத்திரியில் பத்தாம் நாள் நர்சுகள் காயக்கட்டு மாற்றிவிட்டுப் போனார்கள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணை இருந்த ஓர் அம்மாள், "உங்க வீட்டம்மாவுக்கு என்ன சீக்கு?" என்று விசாரித்தாள். சேவுகன் பழக்கதோஷத்தில், "கீழ விழுந்துட்டாங்க," என்றான்.

கட்டிலிலிருந்து ஒரு கை வந்து அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தது. அழகிக்கு வாய் அப்போதுதான் ஒரு விரல் அகலத்துக்குத் திறக்க ஆரம்பித்திருந்தது.

"பல்லுச் சீக்குன்னு சொல்லுங்க," என்றாள் மெதுவாக.

அவன் அவள் காலடியில் உட்கார்ந்தான். "ஊரு சிரிக்கும்னு பயந்துட்டேன் அழகி," என்றான். "என்னைய மன்னிச்சிரு."

அவள் வலியை விழுங்கிக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

"காது குத்துக்கு அள்ளிக் குடுத்த சனம், கேட்டிருந்தா பல்லுக்கும் குடுத்திருக்கும். நீங்க கேக்கவே இல்லையே. எம் பல்லு அழுகுனது உங்களுக்குக் கேவலமாத் தெரிஞ்சுச்சு. நான் அழுகுனது தெரியல."

சேவுகன் அந்த வார்டில், அத்தனை பேர் பார்க்க, துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதான்.

அழகி பிழைத்து வந்தாள். ஆனால் முகம் பழைய முகமாக வரவில்லை. வலது வாய் ஓரம் கீழே இழுத்துக்கொண்டது. தாடைக்குக் கீழே தழும்பு. வாய் முழுசாகத் திறக்காததால் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிசைந்துதான் உண்ண முடிந்தது. தினமும் அவள் சாப்பிட உட்காரும்போது சேவுகன் வேறு பக்கம் பார்த்துக்கொள்வான். கொஞ்ச நாள் கழித்து அதையும் விட்டான். நேராக உட்கார்ந்து, அவள் உண்டு முடிக்கும்வரை பார்த்தான். அது தனக்கு வேண்டிய தண்டனை என்று அவனுக்குத் தோன்றியது.

மறுவருஷம் தை மாதத்தில், அரியக்குடித் தேங்காய்க் கமிஷன் கடைக்கு வண்டி கட்டிக்கொண்டிருந்த சேவுகனைச் சோணைமுத்து தேடி வந்தான். அவன் கீழத்தெருக்காரன். நாலு பேர் நின்ற இடத்திலிருந்து சேவுகனை ஒதுக்குப்புறமாக அழைத்துப்போய், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான்.

"ஒரு விசயம்ணே. வெளிய தெரிய வேணாம். என் வீட்டுக்காரிக்கு மாருல ஒரு கட்டி. மூணு மாசமா இருக்காம், இப்பத்தேன் சொல்லுறா. மதுரைக்குப் போகணும். அதேன், மவனுக்கு மொட்டை போடுறதாச் சொல்லி ஊர்ல ஒரு விருந்து வச்சா..."

"நிறுத்துடா!" என்று சேவுகன் போட்ட சத்தத்தில் வண்டி மாடு மிரண்டது. நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சோணைமுத்து பதறிப்போய், "மெதுவாண்ணே, மெதுவா!" என்று கெஞ்சினான்.

"எதுக்குடா மெதுவா? திருடிட்டா வந்திருக்கே? பொண்டாட்டிக்குச் சீக்குன்னா சீக்குன்னு சொல்லு. ஊரு நடுவுல நின்னு சொல்லு. காசு இல்லையா, இல்லைன்னு கேளு. சிரிக்கிறவன் சிரிக்கட்டும், நானும் ஒருகாலத்துல சிரிச்சவன்தேன். சீக்கு வந்தது அசிங்கமில்லடா. அதை மூடி வச்சு, மேல விருந்து வச்சோம் பாரு, அதுதேன் அசிங்கம். இன்னைக்கே வண்டியில ஏத்து. தர்மாஸ்பத்திரியில எங்குட்டுப் போகணும், யாரைப் பாக்கணும்னு எனக்குத் தெரியும், நானும் வாரேன்."

சோணைமுத்து நின்ற இடத்திலேயே நின்றான். அவன் உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கல," என்றான் சேவுகன். "சத்தமாச் சொல்லு. நான் மெதுவாச் சொன்னதுக்கு என் பொண்டாட்டி தாடையில நாலு அங்குலத் தழும்பு கெடக்கு."